பழைய மினி காரில் பால் ஜாயிண்ட் மாற்றுவது: ஷிம் கணக்கு முதல் டஸ்ட் பூட் வரை

1959 ஆகஸ்டில் வெளிவந்து 2000 அக்டோபர் வரை தயாரான பழைய மினியில், முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் பந்து சுழலும் மூட்டு) உண்டு. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் தலையில் ஒன்று, அடியில் ஒன்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தச் சின்னக் காரில் கிங் பின் (ஹப் திரும்புவதற்கான செங்குத்துக் கம்பி) கிடையாது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஹப் திரும்புவதும், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதும் இந்த இரண்டு பந்துகளின் மேல்தான்.

இன்றைய கார்களில் பால் ஜாயிண்ட் என்றால் மூடி அடைத்த ஒரே உருப்படி. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. மினியில் அப்படியில்லை. கிட்டில் வரும் பாகங்களை ஹப்புக்குள் ஒவ்வொன்றாக அடுக்கி, இடைவெளியை அளந்து, அதற்கேற்ற ஷிம் (மெல்லிய உலோக வளையத் தகடு) போட்டு, கையால் அசைத்துப் பார்த்து, இறுக்கத்தை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அளக்காமல் கைக்கு வந்த ஷிம்மைப் போட்டு முறுக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஸ்டியரிங் கல்லாகிவிடும், அல்லது கொஞ்ச நாளிலேயே பழைய ஆட்டம் திரும்பி வந்துவிடும். இந்த வேலையின் உயிர் அந்த ஷிம் கணக்கில்தான் இருக்கிறது.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

பாகம் வாங்கும் முன் பழுது பால் ஜாயிண்டில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சப் ஃப்ரேமுக்கு (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்டால், அல்லது கையில் உணர்ந்தால், உடனே பால் ஜாயிண்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொருவரை பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட், அல்லது ஹப்பைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்மின் உள்முனை புஷ் (ரப்பர் வளையம்). எது என்று கண்ணால் பார்க்கலாம்: ஒருவர் ஆட்ட, மற்றவர் டார்ச் அடித்து, ஹப்புக்கும் ஆர்முக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தால் அசையும் இடம் தெரிந்துவிடும். பக்கவாட்டில் இரு கைகளையும் வைத்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், டை ராட் எண்டையோ (ஸ்டியரிங்கை ஹப்போடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) ஸ்டியரிங் ரேக்கையோ பாருங்கள்.

ஆட்டமே இல்லாமல் பூட் (ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை) மட்டும் கிழிந்திருந்தால், அது சமீபத்தில் கிழிந்ததா என்று பாருங்கள். உள்ளே க்ரீஸ் இன்னும் வழவழப்பாக இருந்தால் துடைத்து, புது க்ரீஸ் வைத்து, பூட்டை மட்டும் மாற்றலாம். விரலில் செங்காவி நிறத்தில் பொடி கலந்த பசை ஒட்டினால் அது துரு. பந்தைத் தண்ணீர் தின்றுவிட்டது என்று பொருள். அங்கே புது பூட் போடுவது புண்ணை மூடிக் கட்டுவது போலத்தான், ஜாயிண்டையே மாற்றுங்கள்.

கீழ் ஜாயிண்ட் முற்றிலும் தேய்ந்து பந்து கழன்று வந்தால், சக்கரம் அப்படியே வெளிப்பக்கமாகப் படுத்துவிடும். பிரிட்டனில் 40 வயது தாண்டிய பெரும்பாலான கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இப்போது முழுக்க காரின் சொந்தக்காரருடையது.

உள்ளே என்ன இருக்கிறது

ஹப்பில் கிண்ணம் போல ஒரு குழி. அதன் அடியில் சீட், அதன் மேல் பால் பின்னின் (ஒரு முனையில் பந்துள்ள கம்பி) பந்து, பந்துக்கு மேல் டோம் நட். டோம் நட்டின் உள்பக்கமும் பந்தின் வளைவுக்கு ஏற்றபடி குடையப்பட்டிருக்கும். அதாவது பந்தின் அடிப்பாதி சீட்டிலும் மேல்பாதி டோம் நட்டிலும் உட்காருகிறது. டோம் நட்டின் விளிம்புக்கும் ஹப்புக்கும் இடையில் ஒரு லாக் வாஷரும் சில ஷிம்களும். ஷிம் கூடினால் நட் உயர்ந்து ஜாயிண்ட் தளரும். ஷிம் குறைந்தால் நட் இறங்கிப் பந்தை நெரிக்கும்.

கீழ் ஜாயிண்டில் சீட்டுக்கு அடியில் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கும். காரின் எடை மேல் ஆர்ம் வழியாக இறங்குவதால் மேல் பந்து தானாகவே சீட்டில் அழுந்திக் கிடக்கும். கீழ் பந்துக்கு அந்தச் சுமை இல்லை. அதனால்தான் அங்கே ஸ்பிரிங். கழற்றும்போது எந்த ஜாயிண்டில் ஸ்பிரிங் இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீட் பழைய கிட்களில் இரும்பு, இப்போது வரும் பலவற்றில் நைலான். இரண்டிலும் வேலை ஒன்றுதான். ஆனால் நைலானை நெரித்தால் முதல் நாள் இறுக்கமாகத் தெரிந்து, பிறகு நசுங்கித் தளர்ந்துவிடும்.

தேவையானவை

ஒரு பக்கத்துக்கு இரண்டு ஜாயிண்டுக்கான கிட்: பால் பின், சீட், டோம் நட், லாக் வாஷர், ஷிம்கள், பூட், பின்னுக்கான நட். ஷிம்கள் 0.05, 0.08, 0.13, 0.25, 0.51 மி.மீ. தடிமன்களில் கிடைக்கும். கிட்டில் வருவது போதாமல் போவது சகஜம். மெல்லிய ஷிம்களைக் கூடுதலாக வாங்கிவையுங்கள்.

கருவிகளில் முக்கியமானது ஒன்றரை அங்குல ஆறுமுனை சாக்கெட், 38 மி.மீ. சாக்கெட்டும் பொருந்தும். இதில் இரண்டு விஷயம் பாருங்கள். பால் பின் நட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால், அது உள்ளே அடங்கும் அளவுக்கு சாக்கெட் ஆழமாக இருக்க வேண்டும். டோம் நட்டின் ஆறுமுனைப் பகுதி மெல்லியது. சாக்கெட்டின் வாய் சரிவாகச் சீவப்பட்டிருந்தால் பிடிமானம் போதாமல் நழுவி, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அந்தச் சரிவு போகும் வரை சாக்கெட்டின் வாயைக் கிரைண்டரில் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலைதான்.

இவை தவிர முக்கால் அங்குல ஸ்பானர் (பால் பின் நட்டுக்கு), டிரைவ் ஷாஃப்ட் நட்டுக்கு 1 5/16 அங்குல சாக்கெட், கத்தரி வகை பால் ஜாயிண்ட் புல்லர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வெர்னியர், டார்க் ரெஞ்ச், உறுதியான வைஸ், க்ரீஸ் கன், லித்தியம் க்ரீஸ், புதிய ஸ்பிளிட் பின்கள். கவை போன்ற முட்கரண்டிக் கருவியை அடித்துப் பிரிப்பவர்கள் உண்டு. பூட் அதோடு கிழியும். பழைய ஜாயிண்டைத் தூக்கி எறியப்போகிறோம் என்றால் பரவாயில்லை. டை ராட் எண்டுக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

ஹப்பைக் கழற்றுதல்

ஹப்பைக் காரிலேயே விட்டுவிட்டு ஜாயிண்டை மட்டும் மாற்ற முடியும். ஆனால் 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டிய நட்டைத் தொங்கும் ஹப்பில் முறுக்குவதும், குப்புறப் படுத்து ஃபீலர் கேஜ் வைத்து அளப்பதும் சரியாக வராது. ஹப்பை வைஸுக்குக் கொண்டுவருவதே நல்லது. கீழே சொல்வது ரப்பர் கோன் சஸ்பென்ஷன் கார்களுக்கான முறை. ஹைட்ரோலாஸ்டிக் (திரவ சஸ்பென்ஷன்) கார்களிலும் ஜாயிண்டின் உள்ளமைப்பு இதேதான்.

கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே, மேல் ஆர்முக்கு அடியில் இருக்கும் ரீபவுண்ட் ரப்பரைக் கழற்றி, அதே தடிமனுள்ள கெட்டி மரக்கட்டையை அந்த இடத்தில் வையுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஆர்ம் கீழே சரியாமல் இது தாங்கும். இதைச் செய்யாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஆர்மோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து டிரைவ் ஷாஃப்ட் நட். ஸ்பிளிட் பின்னை உருவி, பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க, கார் தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் எடை தாங்கக் கூடாது. டிரம் பிரேக் என்றால் ஹோஸைப் பிரிக்க வேண்டிவரும். முடிவில் பிரேக்கில் காற்று எடுக்க மறக்காதீர்கள்.

டை ராட் எண்டைப் புல்லரால் பிரியுங்கள். மேல், கீழ் பால் பின் நட்டுகளைச் சில மரை மட்டும் தளர்த்தி, முழுதாகக் கழற்றாமல் விடுங்கள். புல்லரை இறுக்கி, ஆர்மின் கண்ணில் பக்கவாட்டாகச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. பின்னின் கூம்பிய பகுதியான டேப்பர் விடுபடும்போது துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் வரும். நட் இருப்பதால் எதுவும் பறக்காது. இரண்டும் விட்டபின் நட்டுகளை எடுத்து, ஹப்பை டிரைவ் ஷாஃப்டிலிருந்து உருவுங்கள். ஷாஃப்ட் கூடவே வெளியே வராதபடி ஒரு கையால் உள்நோக்கித் தள்ளிப் பிடித்திருங்கள். வந்தால் உள்முனை ஜாயிண்ட் பிரிந்து, ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும்.

பழையதைப் பிரித்தல்

ஹப்பை வைஸில் மென்மையான தாடைகளுக்கிடையே பிடியுங்கள். வீல் பேரிங் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். லாக் வாஷரின் மடிந்த காதுகளை உளியால் நிமிர்த்தி, டோம் நட்டைக் கழற்றுங்கள். அறுபது செ.மீ. கம்பி தேவைப்படும். வரவில்லை என்றால் நட்டைச் சுற்றி ஹப்பைச் சூடாக்கிப் பாருங்கள். கேஸ் டார்ச் போதும். பேரிங் உள்ளே இருக்கும் ஹப் என்பதால் செந்நிறமாகும் அளவுக்குக் காய்ச்ச வேண்டாம்.

பிரித்ததும் பழைய பந்தைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். தேய்ந்த பந்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தட்டையாகி, அதன் ஓரத்தில் நகம் தடுக்கும். ஏன் இந்த ஆட்டத்தை ஷிம் குறைத்துச் சரிசெய்ய முடியாது என்பது அப்போது புரியும். பந்து முட்டை வடிவமாகிவிட்டால், நேராக ஓடும்போது இறுக்கினால் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும். திருப்பத்துக்கு ஏற்ப விட்டால் நேரில் ஆடும்.

ஹப்பின் குழியையும் மரையையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, உலரத் துடையுங்கள். கிரீஸ் நிப்பிளைக் கழற்றி, வழி அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். பல ஜாயிண்டுகள் செத்ததற்குக் காரணம் இந்த அடைப்புதான்: வருடக்கணக்கில் கன் வைத்து அழுத்தியும் க்ரீஸ் பந்துக்குப் போயிருக்காது. ஆர்மின் கண்ணில் டேப்பர் துளை வரி விழுந்தோ அகன்றோ இருந்தால் ஆர்மையே மாற்ற வேண்டும். புது பின் அங்கே நிற்காது.

ஷிம் கணக்கு

முதலில் புது டோம் நட்டை வெறுங்கையால் மரையின் கடைசி வரை திருகிப் பாருங்கள். வழியில் எங்காவது பிடித்தால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். மரை பிடிப்பதைப் பந்து பிடிப்பதாக நினைத்து அளந்தால் கணக்கு முழுவதும் பிசகும்.

சீட், பால் பின், டோம் நட் மூன்றையும் மட்டும் மாட்டுங்கள். ஸ்பிரிங், லாக் வாஷர், ஷிம் எதுவும் இப்போது வேண்டாம். பந்தில் லேசாக எண்ணெய் தடவினால் போதும். கெட்டி க்ரீஸ் இருந்தால் கைப்பதம் தெரியாது. பின்னைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். மேலும் கீழுமான ஆட்டம் சுத்தமாகப் போய், பின் அசைய லேசாகத் தயங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது நட்டின் விளிம்புக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

லாக் வாஷரின் தடிமன் கையேட்டின்படி 0.91 மி.மீ. சந்தையில் வருவது மாறுபடலாம் என்பதால் வெர்னியரில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். இடைவெளியிலிருந்து அதைக் கழித்தால் மீதி ஷிம்முக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று அளவுகள் 1.45, 1.47, 1.49, சராசரி 1.47 மி.மீ. வாஷரைக் கழித்தால் 0.56. சரியாக 0.56 ஷிம் போட்டால் (0.51, 0.05) ஆட்டமும் இல்லை, நெரிப்பும் இல்லை. நமக்கு வேண்டியது பூஜ்யத்திலிருந்து 0.08 மி.மீ. வரையிலான நெரிப்பு. ஆகவே 0.51 ஷிம் ஒன்றை மட்டும் போட்டால் 0.05 நெரிப்பு கிடைக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

இடைவெளி வாஷரின் தடிமனைவிடக் குறைவாக வந்தால், ஷிம்மே இல்லாமலும் ஜாயிண்ட் தளர்வாக நிற்கும். சீட் தவறானது, அல்லது ஹப்பின் குழி தேய்ந்திருக்கிறது. வேறு சீட் வைத்துப் பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் ஹப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாஷரை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்ற யோசனையே வேண்டாம். நட்டைக் கழலாமல் பிடித்திருப்பது அந்த வாஷர்தான்.

இப்போது முழுதாக அடுக்குங்கள்: கீழ் ஜாயிண்டானால் ஸ்பிரிங், பிறகு சீட், பந்து, லாக் வாஷர், ஷிம், டோம் நட். 75 பவுண்டு-அடி, அதாவது 102 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். பின்னின் நுனியைப் பிடித்து எல்லாத் திசையிலும் சாய்த்துப் பாருங்கள். சீரான தடையோடு, கையால் அசைய வேண்டும். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தானாகச் சரிந்து விழுந்தால் தளர்வு: மெல்லிய ஷிம் ஒன்றைக் குறையுங்கள். இரு கையால் முயன்றும் அசையாவிட்டால் 0.05 அல்லது 0.08 ஷிம் கூட்டுங்கள். மூன்று நான்கு முறை கழற்றி மாட்டுவது சாதாரணம். சரியாக அமைந்த ஜாயிண்டை அசைக்கும்போது உறைந்த நெய்க்குள் கரண்டியைத் திருப்புவது போல இருக்கும்.

ஓரிடத்தில் மட்டும் பிடித்து, மற்ற இடத்தில் இலகுவாக இருந்தால் அது ஷிம்மின் குற்றமில்லை. பந்தும் டோமும் இன்னும் முழுதாகப் படியவில்லை. இரும்பு சீட் என்றால் வால்வு தேய்க்கும் நுண்ணிய பேஸ்ட்டைத் தடவி, பின்னை இரண்டு மூன்று நிமிடம் எல்லாத் திசையிலும் சுழற்றுங்கள். பிறகு ஒரு துகளும் மிஞ்சாமல் கழுவி, இடைவெளியை மறுபடி அளவெடுங்கள். நைலான் சீட்டில் பேஸ்ட் கூடாது. துகள்கள் நைலானில் பதிந்து பந்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

அளவு சரியானதும் கடைசியாகப் பிரித்து, சீட்டிலும் டோமிலும் க்ரீஸ் நிறையத் தடவி, மறுபடி 102 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, லாக் வாஷரை மூன்று இடங்களில் நட்டின் தட்டைப் பக்கங்களோடு ஒட்டும்படி மடியுங்கள். பாதி மடிந்து நிற்கும் காது எதையும் பிடிக்காது. சுத்தியலால் தட்டி முழுதாகப் படியவையுங்கள்.

டஸ்ட் பூட்

பூட்டின் உள்ளே கொஞ்சம் க்ரீஸ் வைத்து, அகன்ற வாயை டோம் நட்டின் மேல் முழுதாக அமர்த்துங்கள். சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் உதடு மடிந்திருந்தாலும் மழை அங்கேதான் நுழையும். பின்னின் டேப்பரில் ஒட்டிய க்ரீஸைத் துடைத்துவிடுங்கள். டேப்பர் காய்ந்த இரும்போடு இரும்பாகத்தான் பிடிக்க வேண்டும்.

திரும்ப மாட்டுதல்

ஹப்பை டிரைவ் ஷாஃப்டில் ஏற்றி, பின்களை ஆர்ம் கண்களில் நுழைத்து, புதிய நட்டுகளை 38 பவுண்டு-அடிக்கு, அதாவது 52 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். நட்டோடு பின்னும் சேர்ந்து சுழன்றால், கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அழுத்துங்கள், மேல் ஆர்மைக் கம்பியால் நெம்பிக் கீழே அமுக்குங்கள். டேப்பர் கவ்வியதும் பின் நின்றுவிடும். டை ராட் எண்டுக்கு 22 பவுண்டு-அடி, 30 நியூட்டன் மீட்டர்.

டிரைவ் ஷாஃப்ட் நட்டில் கவனம் வேண்டும். டிரம் பிரேக் கார்களுக்கு 60 பவுண்டு-அடி (81 நியூட்டன் மீட்டர்). டிஸ்க் பிரேக் கார்களில் ஷாஃப்ட் முனையில் ஸ்பிளிட் பின் துளை ஒன்றே இருந்தால் 150 (203 நியூட்டன் மீட்டர்), இரண்டு இருந்தால் 188 (255 நியூட்டன் மீட்டர்). துளை நேர்படவில்லை என்றால் அடுத்த துளைக்கு முன்னோக்கி இறுக்குங்கள். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, மரக்கட்டையை எடுத்து, ரீபவுண்ட் ரப்பரை மாட்டுங்கள். கட்டையை மறந்து ஓட்டினால் முன்பக்கம் மரவண்டிபோல் குதிக்கும்.

க்ரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பூட் லேசாக உப்பத் தொடங்கியதும் நிறுத்துங்கள். வழியும் வரை அடித்தால் பூட்டின் உதடு டோம் நட்டிலிருந்து எழும்பும், அல்லது பூட் வெடிக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் விட்ட இடத்திலேயே நின்றால் ஜாயிண்ட் நெரிபடுகிறது. ‘ஓட ஓடச் சரியாகும்’ என்று விடாதீர்கள். நெரிந்த பந்து ஒவ்வொரு குழியிலும் பின்னின் கழுத்தை வளைக்கிறது, ஒருநாள் அது உடையும். மறுபடி பிரித்து ஒரு ஷிம் கூட்டுங்கள்.

சக்கர அலைன்மென்ட்டையும் பாருங்கள். மினியின் முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று விரிந்திருக்க வேண்டும், அளவு 1.6 மி.மீ. பழைய ஜாயிண்டுகள் தேய்ந்த நிலையில் யாராவது டை ராடைத் திருகி வைத்திருந்தால், புது ஜாயிண்ட் போட்டதும் அந்த அளவு மாறியிருக்கும்.

முதல் 1,000 கி.மீ. ஆனதும் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மேலும் கீழும் கைவைத்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். லாக் வாஷரின் மடிப்புகளை விரலால் தொட்டுப் பாருங்கள். அதன்பின் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, நிப்பிளின் மூக்கில் ஒட்டிய மண்ணை முதலில் துடைத்துவிட்டு, க்ரீஸ் வையுங்கள். துடைக்காமல் கன்னை வைத்தால் அந்த மண் நேராகப் பந்துக்குத்தான் போகும்.